கையிலுள்ள கருவியும் நெஞ்சிலுள்ள பக்தியும்

மலாக்கா நகரில் புனித பால் குன்றின்மேல் கூரையின்றி நிற்கும் பழைய தேவாலயத்தினுள் வெறுமையான கல்லறை ஒன்று இருப்பதை அங்குச் செல்வோர் பலரும் கண்டிருப்பர். 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரையோரத்துச் சாங்சுவான் தீவில் உயிர்நீத்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல் 1553இல் சில மாதங்கள் இக்குன்றில்தான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பின்னரே அது கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இக்கல்லறை தமிழரோடு தொடர்பற்றது என்று கருதுதல் பிழையாகும். 1545ஆம் ஆண்டு மலாக்காவில் கால் வைப்பதற்கு முன்னர் அவர் உழைத்த இடம் தமிழகத்து முத்துக்குளித்துறையாகும்; உழைத்தது பரதவ மக்களிடையே. அங்குக் கைக்கொண்ட முறையைத் தழுவியே மலாக்காவிலும் அவர் சமயப் பணி ஆற்றினார். கைப்பேசி இல்லையேல் ஒரு கீர்த்தனையும் பாட இயலாது, ஒரு வேத வசனமும் நினைவுக்கு வாராது என்னும் நிலை பரவி வரும் இந்நாளில் அம்முறை எண்ணிப் பார்க்கத்தக்கது.

மணி செய்த பணி

சவேரியார் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் தம் முறையை விளக்கியுள்ளார். தமிழை அவர் நன்கு கற்றிருக்கவில்லை. ஆதலின் இரு மொழியும் அறிந்தோர் சிலரைக் கூட்டி, விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், செபங்கள் ஆகியவற்றைப் பெருமுயற்சியோடு தமிழாக்கச் செய்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருக்களில் அடித்துச் சென்றார். மணியோசை கேட்டுச் சிறுவரும் பெரியோரும் கூடினர். நாள்தோறும் இருமுறை அச்செபங்களைச் சொல்லிக் கொடுத்தார். கற்ற சிறுவர் தம் பெற்றோர்க்கும் வீட்டார்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்க வேண்டும் என்றும் பணித்தார்.

இங்கே கருவி என்று சொல்லத்தக்கது ஒன்றே: அந்த மணி. அதன் வேலை மக்களைக் கூட்டுவதோடு முடிந்தது. கூடியபின் மணி வாயடைத்தது. மனிதர் வாய் திறந்தனர். கற்றது நாவிலும் நெஞ்சிலும் தங்கியது. ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் சென்றது. மணி தொலைந்து போயிருந்தாலும் செபம் தொலைந்திராது.

இம்முறையில் குறை இல்லாமல் இல்லை. பொருளுணராமல் ஒப்பித்தல் பக்தி ஆகாது. இக்குறையை நீக்கப் பெரிதும் உழைத்தவர் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் வழங்கும் என்ரிகே என்ரீக்கஸ். 1546இல் இந்தியா வந்த அவர் தமிழை இலக்கணத்தோடு பயின்று, மக்கள் மொழியிலேயே பேசவும் எழுதவும் வல்லவரானார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூல் 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றன் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என அறிஞர் போற்றும் பெருமை அதற்கு உண்டு.

அச்சும் மணலும்

அச்சுப்பொறி அக்காலத்தின் புதுத் தொழில்நுட்பம். அதனைச் சமய வளர்ச்சிக்குப் பயன்படுத்தியதில் தவறு எதுவும் இல்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பிற்காலத்தில் அச்சுக்கூடம் நிறுவி, 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஆயினும் அவர் தமிழ் கற்ற விதம் ஆசிரியர்கள் மறத்தற்குரியதன்று. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டி, சிறுவரோடு சிறுவராய்த் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். அச்சு எழுத்தைத் தமிழுக்கு வார்ப்பிக்கும் முன் தமிழ் எழுத்து அவர் விரலில் ஏறிற்று.

மலாக்காவும் அச்சுத் தொழிலுக்குப் புதிய ஊரன்று. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மில்னி 1815இல் இங்கு வந்து அச்சுப்பணியைத் தொடங்கினார். 1818இல் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா அக்காலத்து மிஷனரிமார்க்கு மலாய் கற்பித்து அச்சுப்பணியிலும் துணை நின்றார். அவர் இளமையில் தமிழும் கற்றவர்.

அச்சு பெருகிய பின்னும் நூலை எழுத்தறிந்த ஒருவர் படிக்க, எழுத்தறியாப் பலர் செவியால் கேட்டு மனத்தில் பதிப்பதே வழக்கமாயிருந்தது. புதுக்கருவி பழைய பழக்கத்தைத் தள்ளிவிடவில்லை. அதனோடு சேர்ந்து நடந்தது.

கப்பலில் வந்த கீர்த்தனை

இச்சேர்க்கைக்குச் சிறந்த சான்று தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளே. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) போன்றோர் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கருநாடக இசை அமைப்பிலேயே பாடல்களை இயற்றினர். இவ்வமைப்பின் நுட்பம் யாது? பல்லவி மீண்டும் மீண்டும் வருகின்றது. ஒருவர் சரணத்தைப் பாட, மற்றவர் பல்லவியை ஏற்றுப் பாடலாம். எதுகையும் மோனையும் அடுத்த அடியை நினைவூட்டுகின்றன. எழுத்தறியாத மூதாட்டியும் நாலு வாரத்தில் ஒரு பாடலைத் தமதாக்கிக்கொள்ள இயலும்.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்னும் சீன வணிகர் 1896இல் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழில் அங்கிருந்தே தொடங்குகின்றது எனலாம். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் எழுந்த தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த தமிழர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். பெட்டியில் வேதப்புத்தகம் இல்லாதவர்க்கும் நெஞ்சில் கீர்த்தனை இருந்தது. குரு எப்போதோ ஒருமுறை வந்து போகும் தோட்டங்களில், லயத்து வீட்டு விளக்கொளியில் குடும்ப செபத்தை நடத்தியது இம்மனப்பாடமே.

திரை காட்டிய உண்மை

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் யாவும் மூடப்பட்டன. ஏப்ரல் 12ஆம் நாள் வந்த உயிர்ப்புப் பெருவிழாவைக் கிறிஸ்தவர்கள் வீட்டுக்குள் கைப்பேசித் திரையின்முன் கொண்டாடினர். அக்காலத்தில் திரை பேருதவி புரிந்தது என்பதை மறுத்தல் நன்றியின்மையாகும். படுக்கையில் கிடந்த முதியோர் குருவின் குரலைக் கேட்டனர். அயலூரில் வேலை செய்யும் மக்கள் பெற்றோரோடு ஒரே நேரத்தில் செபித்தனர்.

எனினும், அதே நாள்களில் போப்பாண்டவர் பிரான்சிஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார். 2020 ஏப்ரல் 17ஆம் நாள் நிகழ்த்திய மறையுரையில், திரைவழி வழிபாடு இடர்க்காலத்தைக் கடந்து வெளியேறுவதற்கான வழியே. அதிலேயே தங்கிவிடுதல் தகாது என்னும் கருத்தை வலியுறுத்தினார். இக்கருத்து புதியதன்று. இணையத்தின்வழி திருவருட்சாதனங்களைப் பெற இயலாது என 2002ஆம் ஆண்டிலேயே வத்திக்கான் ஆவணம் ஒன்று தெளிவுபடுத்தியுள்ளது. அப்பம் பிட்கவும், தண்ணீர் ஊற்றவும், தலைமேல் கைவைத்து ஆசி கூறவும் மனிதர் அருகில் இருத்தல் வேண்டும். உடலெடுத்து வந்த இறைவனை நம்பும் சமயத்தில் உடலோடு கூடுதல் சிறு செய்தி அன்று.

இடர்கள் யாவை?

கருவியைச் சார்ந்திருப்பதால் ஆன்மிக வளர்ச்சிக்கு நேரும் இடர்களை மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, நினைவு வெளியேறுதல். பாடல் வரிகள் சுவரிலுள்ள வெண்திரையில் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பின், அவற்றை மனத்தில் வைக்க வேண்டிய தேவை எழுவதில்லை. மருத்துவமனைக் கட்டிலிலும், உறக்கம் வாராத இரவிலும், இறப்பு நிகழ்ந்த வீட்டிலும் வெண்திரை இராது. அவ்விடங்களில் ஒருவருக்குத் துணை நிற்பது அவர் நெஞ்சில் உள்ளது மட்டுமே.

இரண்டாவது, உள்ளம் ஓரிடத்தில் நில்லாமை. இது கைப்பேசி படைத்த நோயன்று. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த இவாகிரியஸ் என்னும் துறவி இதனை நுட்பமாக விளக்கியிருக்கின்றார். நடுப்பகலில் துறவிக்குப் பொழுது நகராதது போல் தோன்றும். அடிக்கடி சாளரத்தை நோக்குவான். சூரியன் எங்குள்ளது என்று பார்ப்பான். வேறிடம் சென்றால் நன்றாயிருக்கும் என்று ஏங்குவான். அத்துறவிக்குச் சாளரம் ஒன்றே இருந்தது. இன்று செபிக்க அமர்பவரின் சட்டைப்பையில் ஆயிரம் சாளரங்கள் உள்ளன. வேதத்தைத் திறந்த அதே திரையில் புலனச் செய்தியும் வந்து விழுகின்றது. நோய் பழையது, தீனி புதியது.

மூன்றாவது, தேர்வு செய்பவரே தலைவராதல். இணையத்தில் விருப்பமான போதகரைக் கேட்கலாம். அவர் கடிந்துரைத்தால் உடனே வேறொருவரிடம் தாவலாம். சபையிலோ, பிடிக்காதவர் அருகில் அமர்ந்தே சமாதானம் கூற வேண்டும். பொறுமையும் மன்னிப்பும் வளரும் இடம் அதுவே. மேலும் இரு ஞாயிறு ஒருவர் வரவில்லையெனில் சபை தேடி வரும். திரை தேடி வராது.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்னும் கருவி செபத்தையும் மறையுரையையும்கூட எழுதித் தருகின்றது. 2025 ஜனவரி 28ஆம் நாள் வத்திக்கான் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' என்னும் ஆவணம், இத்தகைய கருவிகளை மிகுதியாகச் சார்ந்தால் மாணவர் தாமே ஆற்ற வல்ல சில திறன்களை இழக்கக்கூடும் என்றும், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையேயுள்ள உறவுக்கு ஈடில்லை என்றும் எடுத்துரைக்கின்றது. கேள்வியோடு போராடாமல் பெற்ற விடை உள்ளத்தை மாற்றுவதில்லை. இதனைக் கணக்குப் பாடத்தில் விடையை மட்டும் பார்த்தெழுதும் மாணவனைக் கண்ட எந்த ஆசிரியரும் அறிவார்.

பால் மரம் தரும் பாடம்

தோட்ட மக்களுக்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ரப்பர்க் கன்றை நட்டவுடன் பால் கிடைப்பதில்லை. ஐந்து முதல் ஏழாண்டுகள் காத்திருத்தல் வேண்டும். கத்தியின்றிப் பால் எடுக்க இயலாது. ஆயினும் கத்தி அளவோடு இறங்க வேண்டும். பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயமுற்று, புதுப்பட்டை செம்மையாக வளராது. பாலைப் பெருக்கப் பூசும் ஊக்க மருந்தும் அவ்வாறே. அளவோடு இட்டால் பால் கூடும். மிகையாக இட்டு இடைவிடாது வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். மருந்து பாலை வரவழைக்கின்றதேயன்றி மரத்தை வளர்ப்பதில்லை. மரத்தை வளர்ப்பவை மண்ணும் மழையும் காலமும் ஆகும்.

உணர்ச்சி மிக்க காணொலிகளும் அத்தகைய ஊக்க மருந்தே. கண்ணீர் வரும், ஆனால், மறுநாள் அண்டை வீட்டாரோடு சண்டையிடாதிருக்கும் வலிமை வந்ததா என்பதே வளர்ச்சிக்கு அளவுகோல்.

செய்யத்தக்கவை

கருவியை வெறுத்தல் தீர்வன்று. அதற்குச் சவேரியாரின் மணிக்குரிய இடத்தை அளித்தலே தீர்வு. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் கைப்பேசியின்வழி பிள்ளைகளை அழைக்கலாம். கூடியபின் அதனை அணைத்து ஒரு பெட்டியில் வைக்கலாம். மாதம் ஒரு கீர்த்தனையைப் பொருள் விளக்கிப் பாராமல் பாடச் செய்யலாம். பெரிய பிள்ளைகள் சிறியோர்க்குக் கற்பிக்கலாம். நோயுற்றோர்க்குப் புலனத்தில் ஒரு வசனம் அனுப்பியவர் அவ்வார இறுதிக்குள் நேரில் சென்று அதனை அருகிருந்து படிக்கலாம். வேதப்பகுதிக்கு விளக்கம் தேடுமுன் அதனை மும்முறை வாய்விட்டுப் படித்து, தமக்கு எழும் ஐயத்தைத் தம் கையால் எழுதலாம்.

இவற்றுள் விரைந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். நூறு கீர்த்தனைகளைப் பாராமல் பாட வல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் குரலைக் கைப்பேசியில் பதிந்து வைத்தல் நற்பணியே. ஆனால், பதிவு செய்த குரல் பேழையில் வைத்த விதை போன்றது. ஒரு பிள்ளையையேனும் அம்முதியவரின் அருகில் அமரச் செய்து, அடி அடியாய்ப் பாடக் கற்பித்தால்தான் அவ்விதை மண்ணில் விழும்.