எக்ஸெல் கட்டங்களில் ஒரு பூகம்பம்

பூகம்பம் என்றால் ஒரே புள்ளியில் வெடிப்பது என்று எண்ணுகிறோம். 2004 டிசம்பர் 26ல் சுமத்ரா அருகே தொடங்கிய முறிவு, அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. ஓடியது.

கம்ப்யூட்டரில் இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? சிங்கவரத்தில் என் வீட்டு எக்ஸெல்லில் செய்து பார்த்தேன். நீங்களும் திறந்திடுங்கள். ஒரு செல்லுக்கு 50 கி.மீ. என்றால், ஏ முதல் இசட் வரை 26 செல்களில் முழு முறிவும் அடங்கிவிடும். (வசதியாக அமைந்த எண்!) முறிவின் வேகம் விநாடிக்கு 2.5 கி.மீ. என்று கொள்வோம். ஒரு செல்லைக் கடக்க 20 விநாடி. ஏ1ல் 0 டைப் செய்து, பி1ல் ஏ1 உடன் 20ஐக் கூட்டும் பார்முலா அமைத்து, இசட்1 வரை இழுத்திடுங்கள். 500 வரும், அதாவது எட்டு நிமிடத்துக்கும் மேல்.

முதல் ஒன்றிரண்டு நிமிட அதிர்வை மட்டும் பார்த்தால் முழு அளவு எப்படித் தெரியும்? அன்று ஹவாய் மையத்தின் முதல் கணிப்பு 8.0, பின்னர் உறுதியானதோ 9.1. சுனாமி தமிழகக் கரையைத் தொடுவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் இருந்தது. எச்சரிக்கை வரவில்லை.

விஞ்ஞானிகளின் புரோகிராமில் ஒவ்வொரு செல்லுக்கும் இன்னொரு விவரம் உண்டு: அந்தத் துண்டு எத்தனை மீட்டர் நழுவியது? ஒரு மதிப்பைக் கொடுத்து, கிளம்பும் அலையைக் கணக்கிட்டு, உலகெங்கும் கருவிகளில் பதிவானதோடு ஒப்பிடுவார்கள். பொருந்தும் வரை மாற்றுவார்கள். வெவ்வேறு விடைகளும் பொருந்தக்கூடும் என்பதால் ஜி.பி.எஸ். அளவுகளையும் சேர்ப்பார்கள். ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

வேகத்தை 2 கி.மீ. ஆக்கிப் பாருங்கள். செல்லுக்கு 25 விநாடி; இசட்1ல் 625 வரும்.