சந்தாப் பணம் போகும் வழி

1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுக்குச் 'சந்தா' என்ற சொல் புதிதல்ல. சம்பளம் கைக்கு வருமுன்பே கழிபட்ட காசு அது. அதன் பின் எத்தனையோ இடப்பெயர்வுகள். இன்று அதே குடும்பங்கள் கமக்காரர் அமைப்புக்கும் மரண உதவிச் சங்கத்துக்கும் சந்தா கட்டுகின்றன. ஆகவே தோட்டத்துக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

தோட்டத்தில் தொழிலாளி ஒரு படிவத்தில் ஒப்பமோ கைநாட்டோ வைத்தால் போதும். தோட்டக் கந்தோர் மாதாமாதம் சந்தாவைக் கழித்துச் சங்கத் தலைமையகத்துக்கு அனுப்பிவிடும். சங்கத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் லயத்து வாசலில் வந்து காசு கேட்கும் தலைவரிடம், "என் வழக்கு என்னாச்சு?" என்று திருப்பிக் கேட்கலாம், கந்தோரிடம் கேட்க முடியுமா? 2021இல் கூட்டு ஒப்பந்தம் முறிந்து கம்பெனிகள் சந்தா கழிப்பதை நிறுத்தியபோதுதான், அந்த வசதி யாருடைய கையில் இருந்தது என்பது வெளிச்சமானது.

ஆள்தொகைக்கும் பெறுமதி உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, வேலைத்தலத்தில் நூற்றுக்கு 40 பேரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்துடன் பேச முதலாளி மறுக்க முடியாது.

சந்தாவை எதற்குச் செலவிடலாம்? 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் இதைச் சொல்கிறது. உத்தியோகத்தர் சம்பளம், நிர்வாகம், கணக்காய்வு, வழக்கு, தொழிற் பிணக்கு, பிணக்கால் நட்டப்பட்டவருக்கு ஈடு, நோய், விபத்து, முதுமை, மரணம் ஆகியவற்றுக்கான உதவி, பிள்ளைகளின் கல்வி. வேலை நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போனால், அவருக்காகச் சங்கப் பிரதிநிதி தோன்றிப் பேசலாம். ஏழைத் தொழிலாளிக்குச் சந்தா திரும்பி வரும் முக்கிய வழி இதுவே என்பது எமது எண்ணம்.

அரசியல் செலவு வேறு. அதற்குத் தனி நிதி வேண்டும். அதற்குப் பணம் தரும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. தோட்டங்களில் சங்கமும் கட்சியும் ஒரே கொடியின் கீழ் நின்றபடியால், இந்த வேறுபாட்டை எத்தனை பேர் அறிந்திருந்தார்களோ! கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையும் அங்கத்தவருக்கு உண்டு.

கமக்காரர் அமைப்பு தொழிற்சங்கம் அல்ல. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதியப்படுவது. ஆயினும் கேள்வி ஒன்றுதான். காலபோகக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியைப் பேசி முடித்ததும் எழும்பிவிடாமல், பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் மேசையில் வைக்கும்படி கேளுங்கள். வாய்க்கால் துப்புரவுக்கு எவ்வளவு, பிரயாணத்துக்கு எவ்வளவு என்று வாசிக்கச் சொல்லுங்கள். காசு கட்டிய பெண்களும் கேட்கலாம்.