சல்லடையில் தங்கும் வயது

திருவெறும்பூர் எறும்பீஸ்வரர் கோயில் நிற்கிற பாறையை எத்தனை நாள் சுரண்டினாலும் ஒரு சிப்பி கிடைக்காது. திருச்சி மலைக்கோட்டையும் அப்படித்தான். பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பழம்பாறைகள் இவை. கடலடியில் படிந்தவை அல்ல. அதனால் புதைபடிவமும் இல்லை, எண்ணெய் தேடி யாரும் வரவும் மாட்டார்கள்.

சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை போய்க் கிழக்கே திரும்புங்கள். ஊட்டத்தூர், காரை பக்கம் நிலமே வேறு. மழை அரித்த களிமண் மேடுகள், வெயிலில் மின்னும் ஜிப்சத் தகடுகள், நடுவே சுருள் சுருளாக அம்மோனைட் புதைபடிவங்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. 1850களின் இறுதியில் இந்தப் பகுதியை அளந்த ஹென்றி பிளான்ஃபோர்டு, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அவற்றின் புதைபடிவங்களை ஸ்டோலிச்கா தொகுதி தொகுதியாக விவரித்து எழுதினார். அந்தப் பெயர்கள் இன்றும் புவியியல் நூல்களில் நிற்கின்றன.

இதற்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? காரையில் வெளியே தெரிகிற அதே காலத்துப் படிவுகள் கிழக்கே போகப் போகத் தாழ்ந்து, டெல்டாவின் வயல்களுக்கு அடியில் வெகு ஆழத்துக்குப் போய்விடுகின்றன. அடியில் கிடக்கும் அடுக்குகளுக்கு ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம் என்று நம் ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் ஓஎன்ஜிசி 1985இல் எண்ணெய் கண்டது இந்தக் காவிரிப் படுகையில்தான். எண்ணெய்க் கிணற்றின் வாயில் உட்காருகிற 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்னும் வால்வுத் தொகுதியை இங்கே திருச்சியில் நம் பெல் தொழிற்சாலையில் செய்கிறார்கள். அது கிணற்றில் ஏறுவதற்கு வெகு முன்பே நடக்கிற ஒரு வேலையைத்தான் சொல்ல வருகிறேன்.

துளையிடும் கருவி பாறையைச் சில்லுச் சில்லாக உடைக்கிறது. கிணற்றுக்குள் ஓடும் சேறு அந்தச் சில்லுகளை மேலே கொண்டு வருகிறது. பெரிய அம்மோனைட் குறுக்கே வந்தால் நொறுங்கிப் போகும். ஃபொராமினிஃபெரா தப்பிக்கும். அது ஒற்றைச் செல் கடலுயிர். பெரும்பாலானவற்றின் சுண்ணாம்பு ஓடு சர்க்கரைக் குருணையை விடச் சிறியது. குறிப்பிட்ட ஆழத்துக்கு ஒரு முறை சில்லுகளை எடுத்துச் சேறு போகக் கழுவி, ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசிக் காயவைப்பார்கள். பிறகு கறுப்புத் தட்டில் பரப்பி, மைக்ராஸ்கோப்பின் கீழ், ஈரமாக்கிய மெல்லிய தூரிகையின் நுனியால் ஒவ்வோர் ஓடாகத் தொட்டு எடுக்க வேண்டும். கழுத்து வலிக்கும் வேலை. எண்ணெய்த் தொழிலில் இதைவிடப் பொறுமை கேட்கிற வேலை இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

குளோபோட்ரன்கானா என்று ஒரு ஃபொராமினிஃபெரா. தட்டையான சுருள், விளிம்பில் இரட்டை வரம்பு. பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்திலேயே அதுவும் அழிந்தது. ஆகவே மேலிருந்து கீழே போகும் கிணற்றில் அது முதன்முதலாகத் தென்படும் ஆழத்தில், கிரெட்டேசியஸ் காலப் பாறைக்குள் நுழைந்துவிட்டோம் என்று பொருள். அந்த 'முதன்முதலாக' என்பதில்தான் சூட்சுமம். கிணற்றுச் சுவரிலிருந்து மேலடுக்கு மண் உதிர்ந்து கீழே விழும். அதனால் ஓர் உயிர் எந்த ஆழம் வரை கிடைத்தது என்பதை நம்ப முடியாது, எங்கே தொடங்கியது என்பதை நம்பலாம்.

வயது தெரிந்து என்ன பயன்? இரண்டு கிணறுகளில் ஒரே நிறத்தில், ஒரே பருமனில் மணற்கல் வரும். பார்வைக்கு ஒரே அடுக்கு. நடுவே சில கோடி ஆண்டு இடைவெளி இருக்கலாம். ஒன்றில் எண்ணெய் கிடைத்தது என்பதற்காக மற்றதில் பணத்தைக் கொட்டலாமா என்பதை அந்தத் தூசி அளவு ஓடுகள் சொல்கின்றன. நடுவில் வரவேண்டிய உயிர்கள் வராமலே அடுத்த கட்டத்தின் உயிர்கள் வந்தால், அந்தக் காலத்துப் படிவு அங்கே படியவில்லை, அல்லது அரித்துப் போய்விட்டது. அப்படி அரிக்கப்பட்ட தளங்களுக்கு அடியில் எண்ணெய் சிறைப்பட்டிருப்பதும் உண்டு.

மகரந்தமும் வித்துத்தூளும் வேறு சேதி சொல்கின்றன. பாறையை அமிலத்தில் கரைத்தாலும் அவை கரையாது. சூடேறினால் மட்டும் நிறம் மாறும்: இளமஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கடைசியில் கறுப்பு. ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரி வரையிலான சூட்டில்தான் பாறையிலுள்ள உயிர்ச்சத்து எண்ணெயாகிறது. மஞ்சளாகவே இருந்தால் இன்னும் வேகவில்லை. கறுத்துவிட்டால் எண்ணெய்க் கட்டம் தாண்டிவிட்டது.

சுண்ணாம்புக்கல்லில் கதை இன்னும் நேரடியானது. கல்லக்குடி சிமெண்ட் ஆலைக்கு வெட்டிய கல்லில் பழைய பவளத்திட்டு இருக்கிறது. அரியலூர்ச் சுரங்கங்களில் சிப்பிகளே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அங்கே புதைபடிவம்தான் சரக்கு.

கிணறு தருவது துணுக்குகளை மட்டும். அடுக்குகளை வரிசையாகக் கண்ணால் பார்க்க, மாணவர்களும் ஆய்வாளர்களும் காரைக்கும் அரியலூருக்கும் வந்தாக வேண்டும். அதனால்தான் அந்த மேடுகளைச் சமன்படுத்துவதையும், கிடைத்ததைப் பையில் அள்ளிப்போவதையும் பார்த்தால் மனம் பதைக்கிறது. போனால் கையில் எடுத்துப் பாருங்கள், கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால், அதை வைத்து எந்தக் கிணற்றோடும் ஒப்பிட முடியாது. முழு அம்மோனைட்டுகளை நிதானமாகப் பார்க்க அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது.