பயிற்சியை வடிவமைக்கும் தொழில்

புதுச்சேரி மூலக்குளத்தை அடுத்த மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டையும் அரசு ஆண்கள் தொழிற்பயிற்சி நிலையமும் உள்ளன. தொழில் கற்பிக்கும் இடமும் தொழில் நடக்கும் இடமும் அண்டையில் இருந்தாலும், ஆலைக்குள் நுழையும் இளைஞர் அங்குள்ள இயந்திரத்துக்கும் நடைமுறைக்கும் ஏற்ப மீண்டும் பயில வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாம் கல்வியை நடத்துபவர் பணியிடப் பயிற்றுநர். அதற்கான பாடத்தைத் திட்டமிட்டு எழுதுபவர் பயிற்சி வடிவமைப்பாளர்.

வேலை தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், கைப்பழக்கமாகிவிட்ட வேலையில் தாம் செய்வது என்ன என்பது தேர்ந்த தொழிலாளிக்கே பல வேளைகளில் புலப்படுவதில்லை. மசாலாத் தூள் பாக்கெட்டுக்கு சீல் வைப்பவர், வாயை நேராகப் பிடித்து அழுத்தும்படி மட்டும் புதியவரிடம் சொல்வார். அழுத்தும் முன் தம் விரல் விளிம்பைத் துடைத்துவிடுவதையும், அங்கே தூள் படிந்திருந்தால் சீல் சரியாகப் பிடிக்காது என்பதையும் சொல்ல மறந்துவிடுவார். வடிவமைப்பாளர் அருகில் நின்று கவனித்து, வேலையின் படி, அதிலுள்ள நுட்பம், அதற்கான காரணம் என்று பிரித்து எழுதுவதே வேலைப் பகுப்பு எனப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஆலைகளுக்குத் திரளாக வந்த புதியவர்களை விரைவில் பழக்குவதற்காக, 1940 முதல் 1945 வரை அமெரிக்காவில் நடந்த தொழிலகப் பயிற்சித் திட்டம் இம்முறையை மேற்பார்வையாளர்களிடையே பரப்பியது.

1975இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காக வகுத்த முறையிலிருந்து பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயற்படுத்தல், மதிப்பிடல் என்ற ஐந்து கட்டங்கள் நிலைபெற்றன. முதற்கட்டத்திலேயே, குறை தொழிலாளியின் அறியாமையிலா, பழுதடைந்த இயந்திரத்திலா என்று பிரித்தறிய வேண்டும். பின்னதாயின் எத்தனை வகுப்பு நடத்தினாலும் பயனில்லை. இறுதிக்கட்ட மதிப்பீட்டுக்கு, பயில்வோரின் கருத்து, கற்ற அளவு, பணியில் தெரியும் மாற்றம், நிறுவனத்துக்குக் கிடைத்த பலன் என்று 1959இல் டொனால்டு கிர்க்பேட்ரிக் முன்வைத்த நான்கு நிலைகள் இன்றும் பயன்படுகின்றன.

இத்துறைக்குள் நுழையப் பல வழிகள் உண்டு. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள் சென்னை கிண்டியிலுள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் ஓராண்டுக் கைவினைப் பயிற்றுநர் பயிற்சி பெறலாம். மனிதவளத் துறையை நாடுவோருக்கு இந்தியப் பயிற்சி மற்றும் மேம்பாட்டுச் சங்கம் பட்டயப் படிப்பு நடத்துகிறது. எழுத்தில் தேர்ச்சியுள்ளவர்கள், 1994இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட இன்டெக்ரா போன்ற மின்பாட நிறுவனங்களை அணுகி, திரையில் தோன்றும் காட்சி, குரல், கேள்வி ஆகியவற்றை வரிசைப்படுத்தும் ஸ்டோரிபோர்டு எழுதுவதிலிருந்து தொடங்கலாம்.

எவ்வழியில் வந்தாலும், சான்றிதழுடன் ஒரு மாதிரிப் பாடத்தையும் கையில் வைத்திருப்பது நல்லது. நன்கறிந்த ஒரு வேலையைப் பகுத்தெழுதி, அதை அறியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லி, அவர் தடுமாறிய இடங்களைத் திருத்திய பின், முதல் வரைவையும் திருத்திய வடிவத்தையும் சேர்த்துக் காட்டினால், விண்ணப்பதாரரின் திறமையை நேர்காணல் நடத்துபவர் எளிதில் எடைபோட முடியும்.