சொல்லுக்கும் உண்டு தோழி



"பால்கோவா அவித்தோம்" என்று யாராவது சொன்னால் நாம் சிரித்துவிடுவோம் அல்லவா? பால்கோவாவைக் கிண்டுவார்கள்; இட்லியை அவிப்பார்கள்; வடையைச் சுடுவார்கள்; அப்பளத்தைப் பொரிப்பார்கள். எல்லாம் அடுப்படி வேலைதான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. சேலையை நெய்கிறோம், கூடையை முடைகிறோம், பூவைத் தொடுக்கிறோம், சடையைப் பின்னுகிறோம். மாற்றிச் சொன்னால் காது ஏற்பதில்லை. இவற்றை எந்தப் புத்தகத்தில் படித்தோம்? அம்மாவின் வாயிலிருந்து கேட்டுக் கேட்டே பழகினோம்.

இவ்வாறு ஒரு சொல் தனக்கு உரிய துணையோடு சேர்ந்து வருவதை ஆங்கிலத்தில் 'கொலொகேஷன்' என்பர். நாம் 'சொல் இணை' எனலாம். ஆங்கிலத் தேர்வு எழுதுவோர் பலர் இடறி விழும் இடம் இதுவே.

சுந்தரபாண்டியத்தில் எங்கள் தெருவில் நர்ஸிங் படித்த அக்கா ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐயெல்ட்ஸ் தேர்வு எழுதினார். அதற்கு எழுத்துப் பகுதியில் 6.5-ம் மற்ற மூன்று பகுதிகளில் 7-ம் வேண்டும். அக்காவுக்கு மற்றவை எல்லாம் வந்தன. எழுத்தில் மட்டும் 6. அவர் அப்பா தறியில் உட்கார்ந்து சேர்த்த பணம் பல ஆயிரம் ரூபாய் வீணாயிற்று. அக்கா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு தாம் வீட்டில் எழுதிப் பழகிய கட்டுரைகளை எங்கள் ஆங்கில ஆசிரியையிடம் காட்டினார். இலக்கணப் பிழை அதிகம் இல்லை. சொற்கள்தாம் தவறான துணையோடு நின்றன.

ஐயெல்ட்ஸ் தேர்வு 1989-ல் தொடங்கியது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என அதில் நான்கு பகுதிகள். எழுத்தையும் பேச்சையும் நான்கு அளவுகோல்களால் மதிப்பிடுகிறார்கள். அவற்றுள் ஒன்று சொல்வளம். அதற்கு நாலில் ஒரு பங்கு மதிப்பெண். சொல் இணைகள் சரியாக அமைகின்றனவா என்பதும் அதில் அடங்கும். குறைந்தது 250 சொற்களில் எழுத வேண்டிய கட்டுரைக்குக் கல்வியும் வேலையும் அடிக்கடி வரும் பொருள்கள்.

அக்காவின் பிழைகளைப் பார்த்தபோது எங்களுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. அவை அறியாமையால் வந்தவை அல்ல. தமிழில் நினைத்ததால் வந்தவை. தமிழில் மார்க் வாங்குகிறோம், சம்பளம் வாங்குகிறோம், பட்டமும் வாங்குகிறோம். அக்கா 'பாட் எ டிகிரி' என்று எழுதிவிட்டார். ஆங்கிலேயர் காதில் அது பட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியதாக விழும்! அங்கே 'கெட் எ டிகிரி', 'கெட் குட் மார்க்ஸ்', 'எர்ன் எ சாலரி' என்பதே வழக்கு.

அதுபோலவே, தவறு செய்கிறோம், வீட்டுப்பாடம் செய்கிறோம், முடிவு செய்கிறோம். தமிழுக்கு ஒரே 'செய்' போதும். ஆங்கிலத்திலோ 'மேக் எ மிஸ்டேக்', 'டூ ஹோம்வொர்க்', 'மேக் எ டிசிஷன்' என்று இரண்டாகப் பிரியும். படிப்பை முடித்ததை நாம் 'பாஸ்டு அவுட்' என்கிறோம். இங்கிலாந்தில் அதற்கு மயங்கி விழுந்தாள் என்று பொருள். 'கிராஜுவேட்டட்' என்பதே நலம். மனப்பாடம் செய்ததை 'பைஹார்ட் பண்ணினேன்' என்கிறோம். அங்கே 'லேர்ன் பை ஹார்ட்' என்பர். பரீட்சையை நாம் எழுதுகிறோம். கனடாவிலும் 'ரைட்' என்பது வழக்கில் உண்டு. இங்கிலாந்திலோ 'டேக்' அல்லது 'சிட்' என்பர். ஆகவே, சொல் இணை ஊர் வழக்கையும் பொறுத்தது.

இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. பறவையின் இளமைக்குப் பார்ப்பு, யானையின் இளமைக்குக் கன்று என்று சொல்லும் மரபைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. முரசைக் கொட்டுவர், குழலை ஊதுவர். இரண்டையும் சேர்த்து 'இயம்' என்னும் பொதுச்சொல்லால் குறித்தால் 'இயம்பினார்' என்ற பொதுவினையே வரவேண்டும் என்று அதன் உரையாசிரியர்கள் விளக்குவர். ஆங்கிலத்தில் ஹெரால்ட் பாமர் என்பவர் டோக்கியோவில் இருந்தபோது, 1933-ல் ஆங்கிலச் சொல் இணைகளைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டார். பின்னர் 'கொலொகேஷன்' என்பதை மொழியியலில் நிலைநாட்டியவர் ஃபர்த். லாகூரில் ஆங்கிலம் கற்பித்த அவர், 1934-ல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சிறு விளக்கம் எழுதினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சரி, எப்படிக் கற்பது? எங்கள் ஆசிரியை அக்காவுக்குச் சொன்ன வழி இது. நோட்டில் பக்கத்துக்கு ஒரு பெயர்ச்சொல்லை நடுவில் எழுத வேண்டும். அதன் இடப்புறம் அதற்குரிய வினைகள். மேலே அதற்குரிய அடைமொழிகள். 'ஜாப்' என்று எழுதினால் இடப்புறம் 'அப்ளை ஃபார்', 'கெட்', 'லூஸ்'. மேலே 'ஃபுல்டைம்', 'பெர்மனன்ட்'. 'எக்ஸாம்' என்றால் 'டேக்', 'பாஸ்', 'ஃபெயில்'. 'எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் 'கெயின்'. 'லிவிங்' என்றால் 'எர்ன்'. 'டெட்லைன்' என்றால் 'மீட்'. 'நோட்ஸ்' என்றால் 'டேக்'.

நாளுக்கு ஐந்து இணைகள் போதும். ஆனால், ஒவ்வொன்றையும் நம் சொந்த வாழ்க்கையைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் வைத்து எழுத வேண்டும். அப்பா தறி நெய்து பிழைக்கிறார் என்பதற்கு 'எர்ன்ஸ் எ லிவிங்' என்று ஒருமுறை எழுதியவள் அதை மறப்பாளா? முழுக் கட்டுரையை உருப்போட்டு ஒப்பிப்பது உதவாது. தேர்வாளர்கள் கண்டுகொள்வார்கள், மதிப்பெண்ணும் குறையும்.

அக்கா ஆறு மாதம் அந்த நோட்டை எழுதினார். கட்டுரைகளையும் விடாமல் எழுதித் திருத்தி வாங்கினார். அடுத்த முறை வேண்டிய 6.5 வந்தது. சொல் இணை ஒன்றே காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆயினும், இடறிய கல் எது என்று தெரிந்தபின் அவர் நடை உறுதிப்பட்டது என்பதில் ஐயமில்லை.

அந்த நோட்டு இப்போது எங்களிடம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஒருத்தி பெயர்ச்சொல்லைச் சொல்ல, மற்றவள் வினையைச் சொல்லிக்கொண்டே போகிறோம். தோழியரே, இனிப் புதிய ஆங்கிலச் சொல் ஒன்றைக் கண்டால் அதன் பொருளோடு நின்றுவிடாதீர்கள். "உன் தோழி யார்?" என்று அதனிடம் கேளுங்கள்!