சதை டெஸ்டுக்கு ஏன் இத்தனை நாள்?

உத்தரகோசமங்கை மரகத நடராசரின் பச்சையைப் பார்க்க மார்கழித் திருவாதிரை வரை பொறுத்திருக்க வேண்டும். அதுவரை சந்தனக் காப்புதான். அதே ஊர்க்காரர் ஒருவர் ஆறாத வாய்ப்புண்ணோடு ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போகிறார் என்று வைத்துக்கொள்வோம். புற்றா என்று பார்க்கக் கன்னத்திலிருந்து மிளகளவு சதையைக் கிள்ளிப் புட்டியில் போட்டுவிட்டு, “ஒரு வாரம் கழிச்சு வாங்க” என்பார்கள். விரலில் குத்தினால் சர்க்கரை அளவு நொடியில் தெரிகிறது. இதற்கு மட்டும் என்ன ஒரு வாரம்?

புட்டியில் இருப்பது ஃபார்மலின். மீனைக் கருவாடாக்கி உப்பு காப்பதுபோல, இது சதையைக் காக்கிறது. ஆனால் வழி வேறு: செல்லிலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, இருந்தது இருந்தபடியே நிறுத்திவிடுகிறது. அது உள்ளே ஊறும் வேகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அவசரப்பட்டால் நடுப்பகுதி பச்சையாகவே கிடக்கும்.

அடுத்து சதைக்குள் மெழுகு ஏற வேண்டும். தண்ணீரும் மெழுகும் சேராதே! அதனால் தண்ணீரை ஆல்கஹால் விரட்டுகிறது, ஆல்கஹாலை சைலீன் விரட்டுகிறது, சைலீன் விட்ட இடத்தில் உருகிய மெழுகு குடியேறுகிறது. ஓர் இயந்திரம் இரவெல்லாம் விழித்திருந்து இதைச் செய்யும். இறுகிய மெழுகுக்கட்டியை மைக்ரோடோம் என்னும் சீவும் கருவி நான்கு மைக்ரான் தடிமனில் சீவுகிறது. அப்படிப் பதினைந்து சீவல்களை அடுக்கினாலும் ஒரு தலைமுடியின் தடிமன்தான் வரும். வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஏந்திக்கொள்வார்கள்.

இன்னும் நிறமே இல்லை. மெக்சிகோ பக்கத்து மரம் ஒன்றின் வைரத்திலிருந்து வரும் ஹீமட்டாக்சிலின், செல்லின் கருவை நீலமாக்கும். இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். 1870களில் சேர்ந்த ஜோடி, இன்றும் பிரியவில்லை. சந்தனம் களையும் கணம் இதுதான்.

புற்று உறுதியாகித் தாடையோடு அறுத்தெடுத்தால் இன்னொரு தாமதம். எலும்பைச் சீவ முடியாது. அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைக்கப் பல நாள் ஆகும். ஆனால் அறுத்தெடுத்த சதைக்கு வரும் இந்த இரண்டாவது ரிப்போர்ட்தான் மேல்சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. கட்டியைச் சுற்றி 5 மில்லிமீட்டராவது நல்ல சதை இருக்கிறதா? கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? கழுத்து நிணநீர்க்கணுவின் உறையைக் கிழித்து வெளியே வந்துவிட்டதா? வந்திருந்தால் கதிர்வீச்சோடு கீமோவும் சேரும்.

அறுவை முடிந்து 42 நாளுக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் கணக்கு. கதிர்வீச்சுக்கு முன் கெட்ட பல்லைப் பிடுங்கினால் அது ஆற இரண்டு வாரம். முகத்துக்கு அச்சு எடுத்து, ஸ்கேன் பார்த்துத் திட்டமிட மேலும் சில நாள். ரிப்போர்ட் மட்டும் மூன்று வாரத்தைத் தின்றுவிட்டால் மிச்சம் என்ன? தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு முதன்மைச் சிகிச்சையாகத் தரும் கதிர்வீச்சு நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் சுமார் 9 சதவீதம் கூடுவதாக 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு சொல்கிறது.

ஃபார்மலினும் அமிலமும் கேட்கும் நாட்களைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். புட்டி வண்டியேறக் காத்திருக்கும் நாளும், கையெழுத்தான ரிப்போர்ட் மேசையில் தூங்கும் நாளும் எந்த வேதியியலிலும் சேராது. அது வெறும் மெத்தனம். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. தூரத்தை இனியும் சாக்காகச் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது சதை எடுத்தால், அன்றைக்கே பயாப்ஸி எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்ன நாளில் ரிப்போர்ட் வரவில்லையென்றால், மறுநாள் காலையிலேயே போன் போடுங்கள்.