யந்திரத்தின் நாடி: எண்ணெய் அழுத்தம் அறிவிக்கும் செய்திகள்

உழவுமாட்டின் உடல்நிலையை அதன் கண்ணும் மூக்கும் சாணமும் காட்டிவிடும். டிராக்டர், ஜீப், மோட்டார் முதலிய யந்திரங்களுக்கு இத்தகைய வெளிக்குறிகள் சிலவே. அவற்றுள் முதன்மையானது எண்ணெய் அழுத்தம். ஓட்டுபவரின் கண்ணெதிரே இருப்பினும், அழுத்தமானியை நோக்குவோர் சிலர். அதன் பொருளை உணர்வோர் அவரினும் சிலர். இக்கவனக்குறைவினால், பேரிங்குகளை மட்டும் மாற்றித் தீரவேண்டிய பழுது முற்றிக் கிராங்க் ஷாப்டையே கெடுத்துவிடுகின்றது. செலவு பன்மடங்காவதுடன் உழவுப் பருவமும் தவறிப்போகின்றது.

அழுத்தம் உண்டாகும் விதம்

1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட போர்டு ‘டி’ மாதிரி மோட்டாரில் எண்ணெய்ப் பம்பு கிடையாது. சுழலும் உறுப்புகள் வாரி இறைத்த எண்ணெயே போதியதாயிருந்தது. இக்காலத்து யந்திரங்களிலோ, அடித்தொட்டியிலுள்ள எண்ணெயைப் பம்பு உறிஞ்சி, வடிகட்டியின் வழியே பேரிங்குகளுக்குச் செலுத்துகின்றது. ஷாப்டுக்கும் பேரிங்குக்கும் இடையேயுள்ள சந்து, பெரும்பாலும் ஓர் அங்குலத்தை ஆயிரமாக வகுத்ததில் இரண்டு மூன்று பங்கே ஆகும். அச்சந்தில் மெல்லிய படலமாக நிற்கும் எண்ணெயே உலோகத்துடன் உலோகம் உராயாதபடி தாங்குகின்றது.

பம்பு எண்ணெயைத் தள்ளுகின்றதேயன்றி அழுத்தத்தைத் தானே படைப்பதில்லை. எண்ணெய் வெளிச்செல்லும் சந்துகள் தடுப்பதனாலேயே அழுத்தம் உண்டாகின்றது. இறைவை நீர் ஓடும் வாய்க்காலின் கரையில் நண்டு வளைகள் பெருகினால், இறைக்கும் நீர் குறையாதிருந்தும் வாய்க்காலின் மட்டம் தாழ்ந்து கடைமடை காயும். பேரிங்கு தேய்வதும் இதுவே. சந்து இருமடங்கானால், அதே அழுத்தத்தில் வெளியேறும் எண்ணெய் எட்டு மடங்காகும்.

அன்றியும், ஏரிக்குக் கலிங்கு இருப்பதுபோல், மிஞ்சிய அழுத்தத்தைக் கழிக்க ஒரு வால்வு உண்டு. கலிங்கில் நீர் வழியும் வரையில் கரையின் சிறு கசிவு ஏரியின் மட்டத்தில் தெரியாது. அதுபோலவே, குளிர்ந்த யந்திரத்தில் எண்ணெய் தடிப்பாயிருப்பதால் முள் உயர்ந்து நின்று தேய்வை மறைக்கும். யந்திரம் நன்கு சூடேறி, வேகம் குறைந்து ஓடும்போது காட்டும் அழுத்தமே உண்மையைச் சொல்லும்.

குறிகளும் காரணங்களும்

1. சூட்டில், மெதுவான ஓட்டத்தில் மட்டும் அழுத்தம் தாழ்தல்: எண்ணெய் இளகியிருக்கலாம், அல்லது பேரிங்கோ பம்போ தேய்ந்திருக்கலாம். அளவுகோலில் எண்ணெய் மட்டம் உயர்ந்து டீசல் நாற்றம் வீசினால், எரிபொருள் கலந்துள்ளது என்று அறிக. அக்கசிவை முதலில் நிறுத்தி, உரிய தரத்து எண்ணெயும் புது வடிகட்டியும் இட்டுப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னும் அழுத்தம் ஏறாவிடில், தேய்வையே ஐயுற வேண்டும்.

2. முள் ஆடுதல்: எண்ணெய் மட்டம் குறைந்து, சரிவில் ஏறும்போதும் திரும்பும்போதும் பம்பு காற்றை உறிஞ்சுவதால் இது நேரும்.

3. திடீரென வீழ்தல்: யந்திரத்தை அக்கணமே நிறுத்துக. சாலின் முனை வரையில் ஓட்டிவிடலாம் என்று எண்ணுதல் கேடாய் முடியும்.

4. வழக்கத்தினும் மிகுதல்: இது நலத்தின் அறிகுறியன்று. வால்வு இறுகியிருக்கலாம், எண்ணெய் தடிப்பாயிருக்கலாம், அல்லது வழி அடைபட்டிருக்கலாம். வாய்க்காலில் வண்டல் அடைத்தால் மேலே நீர் தேங்கிக் கீழே வயல் காய்வது யாவரும் அறிந்ததே.

முள்ளுக்குப் பதிலாகச் செவ்விளக்கு மட்டும் உள்ள வண்டிகளில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பல வண்டிகளில் அவ்விளக்கு, அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஐந்து, ஏழு ராத்தல் என்னும் அளவுக்கு இறங்கிய பின்னரே எரியும். ஆதலின், விளக்கு எரியாமை நலத்துக்குச் சான்றாகாது.

யந்திரத்தைப் பிரிக்குமுன், நம்பத்தக்க வேறொரு அழுத்தமானியைப் பொருத்திச் சோதித்தல் அவசியம். பழுது மானியிலேயே இருந்து, வீண் செலவு நேர்வதும் உண்டு. பிஸ்டன் வளையங்கள், வால்வுகள் ஆகியவற்றின் நிலையை எண்ணெய் அழுத்தம் தெரிவிக்காது. நீலப் புகை, எண்ணெய்ச் செலவு, சிலிண்டரின் அமுக்கச் சோதனை ஆகியவற்றால் அதனை அறிதல் வேண்டும்.

பழைய டிராக்டர் வாங்குவோருக்கு

விற்பவர் தடித்த எண்ணெயை ஊற்றித் தேய்வை மறைத்தல் கூடும். ஆகவே குளிர்ந்த நிலையில் முள்ளைக் கண்டு விலை பேசுதல் தகாது. அரைமணி நேரம் பாரத்துடன் உழவு ஓட்டச் செய்து, பின் வேகத்தைக் குறைத்து முள்ளை நோக்குக. பொதுவாக, நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்குப் பத்து ராத்தல் என்பது ஒரு தோராயக் கணக்கு. முடிவானது அவ்வண்டியின் கைப்புத்தகத்தில் குறித்துள்ள அளவே.

குறிப்பேடு

நிலத்துக்கு அடங்கல் எழுதுவதுபோல் யந்திரத்துக்கும் ஓர் ஏடு வைத்தல் நலம். மாதம் ஒருமுறை, சூடேறிய யந்திரத்தின் அழுத்தத்தை மெதுவான ஓட்டத்திலும் வேலை வேகத்திலும் கண்டு, தேதி, ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய நாள் ஆகியவற்றுடன் எழுதிவருக. கூட்டுறவுச் சங்கத்தின் வண்டியைப் பலர் ஓட்டுவதால், கிராம அலுவலர்கள் இவ்வேட்டை அவ்வப்போது பார்வையிடுதல் பயன் தரும். ஒரு நாளைய எண்ணைக் காட்டிலும், மாதந்தோறும் அது இறங்கிவரும் போக்கே தேய்வை முன்கூட்டி உணர்த்தும். அதனை அறிந்தவர் அறுவடை முடிந்த ஓய்வுக் காலத்திலேயே பழுது பார்த்து, அடுத்த உழவுக்கு யந்திரத்தை ஆயத்தமாக வைத்திருப்பர்.